குமரிக் கோடையில் புல்தரை: புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு

வளைகுடா நாடு ஒன்றில் கோல்ஃப் மைதானத்தில் 11 ஆண்டுகள் புல் வெட்டிவிட்டு ஊருக்குத் திரும்பியபோது, "அங்கே என்ன வேலை பார்த்தாய்?" என்று கேட்டவர்கள் பதிலைக் கேட்டுச் சிரித்தார்கள். விளையில் முளைத்தால் செதுக்கிப் பசுவுக்குப் போடுகிற புல்லுக்குத் தண்ணீர் விடச் சம்பளம் கொடுப்பார்கள் என்பதை என் சித்தப்பா வெகுநாள் நம்பவே இல்லை. இப்போது அவருடைய மகனே கடற்கரையோர விடுதி ஒன்றில் 20 சென்ட் புல்தரைக்குப் பொறுப்பாளன். போன பங்குனியில் ஒருநாள் விடியற்காலையில் போன் செய்தான். "அண்ணா, தினமும் தண்ணீர் விடுகிறேன், தினமும் காய்கிறது." அன்று அவனுக்குச் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். விடுதி, பள்ளி, ஆலய வளாகம், கால்பந்துத் திடல், வீட்டு முற்றம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

வெயிலைக் குற்றம் சொல்வதற்கு முன்

பாலைவனத்தில் நாங்கள் வளர்த்தது அருகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகு. அதையும் அதன் கலப்பின வகைகளையும் நாற்றங்கால்காரர்கள் பெர்முடா என்று விற்கிறார்கள். இந்த இனத்துக்கு வளர மிகவும் பிடித்த சூடு 27 முதல் 35 டிகிரி. துபாயில் 1988இல் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் புல் மைதானம் திறந்ததிலிருந்து, 45 டிகிரி வெயிலிலும் அங்கே பச்சை நிற்கிறது. நாகர்கோவில் வெயிலோ சித்திரையிலும் பெரும்பாலான நாட்களில் 35ஐ ஒட்டியே நின்றுவிடும். நம் ஊர்க் கோடை அருகம்புல்லுக்குக் கொண்டாட்டமான காலமாக இருக்கவேண்டும். அப்படி இல்லையென்றால் வேர் மேலேயே நிற்கிறது, அல்லது தண்ணீரில் உப்பு இருக்கிறது, அல்லது ஒட்ட வெட்டியிருக்கிறீர்கள், அல்லது மண் இறுகிக் கிடக்கிறது. நான் பார்த்த கருகல்களில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றாகவோ இரண்டாகவோதான் இருந்தன.

மாவட்டம் சின்னது என்பதால் பக்கத்து ஊரில் பலித்த வழி உங்களுக்கும் பலிக்கும் என்று நினைக்காதீர்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் சரளை கலந்த செம்மண். அது காய்ந்தால் கல்லாகிவிடும். கடலோரத்தில் மணல். காலையில் விட்ட தண்ணீர் மாலையில் அங்கே இருக்காது. தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் மழையும் குறைவு, கணவாய்க் காற்றும் சேர்ந்துகொள்ளும். காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று ஸ்பிரிங்ளர் தண்ணீரைப் பக்கத்து வீட்டுச் சுவருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

தண்ணீரை முதலில் சோதியுங்கள்

பேச்சிப்பாறைத் தண்ணீர் கோடையில் கால்வாயில் வராது. அணை வழக்கமாக ஜூனில்தான் திறக்கும். ஆகவே கோடை முழுவதும் கிணறும் போரும்தான் கதி. கடற்கரைக் கிணறுகளில் நல்ல தண்ணீர் மேலே மிதக்கும், உப்புத் தண்ணீர் அடியில் கிடக்கும். மோட்டாரை மூன்று மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டினால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். மாசியில் இனித்த கிணறு சித்திரையில் கரிக்கும் காரணம் இதுதான்.

சித்தப்பா மகன் தன் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்துவிட்டு "நன்றாகத்தான் இருக்கிறது" என்றான். நாக்கை நம்பவேண்டாம். மின்கடத்தும் திறனை அளக்கும் சிறிய பேனா போன்ற மீட்டர் கிடைக்கிறது. தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். மில்லி அளவில் (mS/cm) 0.7க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 3 வரை எச்சரிக்கையோடு பயன்படுத்தலாம். 3ஐத் தாண்டினால் சாதாரணப் புல்வகைகள் தாங்கா. மீட்டர் மைக்ரோ அளவில் காட்டினால் இதே எண்கள் 700, 3,000 என்று வரும். அவனுடைய கிணற்றில் மோட்டார் போட்டவுடன் 1.1, இரண்டு மணி நேரம் கழித்து 2.6. நோய் எது என்று தெரிந்துவிட்டது.

மருந்து எளிது. மோட்டாரை ஒரேயடியாக ஓட்டாமல், முக்கால் மணி நேரம் ஓட்டி, சில மணி நேரம் கிணறு ஊறவிட்டு, மறுபடி ஓட்டித் தொட்டியில் நிரப்பவேண்டும். புல்லுக்குத் தொட்டியிலிருந்து விடவேண்டும். உப்புள்ள தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் வேர் மட்டத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். எனவே இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வழக்கத்தைவிடக் கூடுதலாக விட்டு, சேர்ந்த உப்பைக் கீழே கழுவி இறக்கவேண்டும். கோடை மழை கனமாகப் பெய்தால் அந்த வேலையை அதுவே செய்துவிடும். மண்ணில் சோடியம் அதிகம் என்று பரிசோதனையில் தெரிந்தால் ஜிப்சம் போடலாம். பரிசோதனை இல்லாமல் மூட்டை மூட்டையாகப் போடுவது வீண்.

கடலுக்கு மிக அருகில் புதிதாகப் புல் பதிப்பவர்கள் பேஸ்பலம் என்ற கடலோரப் புல்லைக் கேட்டு வாங்குங்கள். வளைகுடா மைதானங்கள் பலவற்றில் இருப்பது அதுதான். அருகைவிடவும் உப்பைத் தாங்கும்.

எவ்வளவு, எப்போது

இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

நன்றாக வளர்ந்த அருகம்புல்லுக்கு நம் கோடையில் வாரத்துக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் நின்றால் அது 1 லிட்டர். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். ஆக ஒரு சென்ட்டுக்கு வாரம் 1,000 லிட்டர். இந்தக் கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 5 சென்ட் முற்றத்துக்கு வாரம் 5,000 லிட்டர், 20 சென்ட் விடுதிக்கு 20,000 லிட்டர். மழை பெய்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இந்த 1,000 லிட்டரை ஏழாகப் பிரித்துத் தினமும் விடுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. மேல்மண் மட்டும் நனையும். வேருக்கு மேலேயே ஈரம் கிடைக்கும்போது அது ஏன் கீழே இறங்கப்போகிறது? இரண்டு அங்குல ஆழத்திலேயே படுத்துக்கொள்ளும். ஒருநாள் மின்சாரம் போய் மோட்டார் ஓடாவிட்டால் அன்று மாலையே புல் துவண்டுவிடும். செம்மண்ணில் வாரம் இரண்டு முறை, தடவைக்கு சென்ட்டுக்கு 500 லிட்டர் விடுங்கள். மணலில் அவ்வளவும் நிற்காது, அடியில் ஓடிவிடும். அங்கே ஒன்றுவிட்டு ஒருநாள், சுமார் 300 லிட்டர். சரளை மண்ணில் தண்ணீர் உள்ளே இறங்குமுன் ஓடத் தொடங்கினால் பத்து நிமிடம் விட்டு, அரைமணி நேரம் நிறுத்தி, மறுபடி பத்து நிமிடம் விடுங்கள்.

குழாயில் எவ்வளவு வருகிறது என்று அறிய 20 லிட்டர் வாளி ஒன்றும் கைக்கடிகாரமும் போதும். வாளி ஒரு நிமிடத்தில் நிரம்பினால் 500 லிட்டருக்கு 25 நிமிடம். ஸ்பிரிங்ளர் என்றால் எட்டுப் பத்து தகர டப்பாக்களைப் புல்லில் ஆங்காங்கே வைத்து, 20 நிமிடம் ஓடவிட்டு, நின்ற தண்ணீரை அடிக்கோலால் அளந்து பாருங்கள். செங்குத்தான பக்கமுள்ள டப்பாவாக இருக்கவேண்டும். நான் ஊருக்கு வந்த புதிதில் சிரட்டை வைத்துப் பார்த்தேன். வாய் அகன்று அடி குறுகியதால் கணக்கு தப்பிவிட்டது. ஒரு டப்பாவில் 10, இன்னொன்றில் 3 என்று வந்தால், காய்ந்த திட்டுக்குக் காரணம் புல்லில் இல்லை, ஸ்பிரிங்ளர் தலையில் இருக்கிறது. பெரும்பாலும் மணல் அடைத்திருக்கும்.

நேரம் விடியற்காலை 4 முதல் 7 மணிக்குள். காற்று அடங்கியிருக்கும், வெயில் ஏறியதும் இலை காய்ந்துவிடும். மாலையில் விட்டால் இரவு முழுவதும் இலை நனைந்தே இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது பூஞ்சைக்கு வைக்கும் விருந்து. நண்பகலில் தண்ணீர் விட்டால் துளி கண்ணாடிபோல் வெயிலைக் குவித்து இலையைச் சுட்டுவிடும் என்பார்கள். அது கட்டுக்கதை. புல் துவண்டு கிடந்தால் நண்பகலிலும் தயங்காமல் விடுங்கள். கோல்ஃப் மைதானத்தில் குழி இருக்கும் பசுந்தரையில் உச்சி வெயிலில் ஓரிரு நிமிடம் தூவல் போடுவோம். அது இலையைக் குளிரவைக்க மட்டும், வேருக்குப் போகாது. வறண்ட காற்றில் அது நன்றாக வேலை செய்யும். நம் கடலோர ஈரக் காற்றில் பெரிய பலன் இல்லை.

தண்ணீர் போதுமா என்று எப்படி அறிவது? நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றை எப்போதும் இடுப்பில் வைத்திருங்கள். தண்ணீர் விட்ட மறுநாள் மண்ணில் குத்தினால் ஆறு அங்குலம் வழுக்கிக்கொண்டு இறங்கவேண்டும். மூன்று அங்குலத்தில் நின்றால் ஈரம் அங்கேதான் நின்றிருக்கிறது. இன்னொன்று, புல்லில் நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். கால் தடம் நிமிராமல் அப்படியே கிடந்தால், பச்சை நிறம் நீலச் சாம்பலாக மங்கினால், அன்றே தண்ணீர் வேண்டும். இந்த அறிகுறி வரும்வரை காத்திருந்து விடுவதுதான் வேரைக் கீழே இறக்கும் வழி. தினமும் தண்ணீர் விட்டுப் பழகிய தரையை ஒரே நாளில் மாற்றாமல், இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல இடைவெளியைக் கூட்டுங்கள்.

வெட்டுவது

ஒரு வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. இந்த விதி எனக்குத் தெரியும். தெரிந்தே ஒருமுறை மீறினேன். நான் வேலை பார்த்த ஒரு விடுதியில் சித்திரை மாதம் கல்யாண வரவேற்பு. "கம்பளம் விரித்ததுபோல் இருக்கவேண்டும்" என்றார் மேலாளர். 40 மில்லிமீட்டர் நின்ற புல்லை முதல் நாள் மாலை 12க்கு இறக்கினேன். மேலே இருந்த பச்சை போய், அடியில் வெயிலே படாத பழுப்புத் தண்டு மட்டும் மிஞ்சியது. மாப்பிள்ளை வீட்டார் புல் செத்துவிட்டதா என்று கேட்டார்கள். பழைய நிறம் திரும்ப ஐந்து வாரம் ஆனது. மேலாளரைச் சொல்லிக் குற்றமில்லை. கத்தி என் கையில் இருந்தது.

கோல்ஃப் பசுந்தரையை 3, 4 மில்லிமீட்டரில் வைப்பார்கள். அதற்கென்றே வந்த குட்டை வகைகளும், தினமும் வெட்டும் உருளைக் கத்தி இயந்திரமும், பெரிய பட்டாளமும் அங்கே உண்டு. உங்களுக்கு ஒரு சுழல்கத்தி இயந்திரமும் ஒரு உதவியாளரும் இருந்தால், அருகம்புல்லைக் கோடையில் 35 மில்லிமீட்டருக்குக் குறைக்கவேண்டாம். அகன்ற இலையுள்ள பஃபலோ புல்லை 60இல் நிறுத்துங்கள். உயர்ந்த புல் மண்ணுக்குக் குடை பிடிக்கும், வேரும் அதற்கேற்ப ஆழம் போகும்.

வெட்டிய மறுநாள் நுனிகள் வெள்ளையாகக் கிழிந்து நின்றால் கத்தி மழுங்கிவிட்டது. மாதம் ஒருமுறையாவது சாணை பிடியுங்கள். வெட்டிய துணுக்குகளை வாரியலால் கூட்டி அள்ளிக்கொண்டுபோய்க் குப்பையில் கொட்டுவது நம் ஊர்ச் சுத்தம். ஒழுங்காக வெட்டிய சின்னத் துணுக்குகள் அப்படியே கிடக்கட்டும். சில நாளில் மக்கி உரமாகிவிடும்.

மண்டைக்காட்டுக் கொடைக்குள் முடிக்கவேண்டியது

மண் இறுக்கத்தைத் தளர்த்தும் வேலையை மாசியிலேயே முடித்துவிடுவது நல்லது. மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடை வருவதற்குள் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். கோல்ஃப் மைதானத்தில் உள்ளீடற்ற பற்கள் கொண்ட இயந்திரம் மண்ணை விரல் பருமனில் உருவி எடுக்கும். அது இல்லாதவர்கள் நான்கு பல் உள்ள தோட்ட ஃபோர்க்கை முழுதாக இறக்கி, லேசாக ஆட்டி, எடுத்து, ஒரு சாண் தள்ளி மறுபடி இறக்கவேண்டும். 5 சென்ட்டுக்கு இரண்டு பேருக்கு ஒருநாள் வேலை. முதுகு வலிக்கும். பாதை போல் மக்கள் நடக்கும் இடங்களையாவது தவறாமல் செய்யுங்கள்.

பிறகு அந்தத் துளைகளில் போய் விழும்படி 4 மில்லிமீட்டர் அளவுக்கு மணல் தூவிப் பரப்புங்கள். சென்ட்டுக்கு ஆறு கன அடி வரும். கடல் மணல் வேண்டவே வேண்டாம். உப்பும் உண்டு, அள்ளுவது சட்டப்படியும் குற்றம். எம்-சாண்ட் என்றால் தூளை நன்றாகக் கழுவிய பிறகே போடவேண்டும். இல்லாவிட்டால் அது சிமெண்ட் போல் இறுகும். மக்கிய தென்னைநார்க் கழிவை மணலில் நாலில் ஒரு பங்கு கலக்கலாம், ஈரம் நிற்கும். ஆனால் கயிறு ஆலையிலிருந்து நேராக அள்ளிவந்த கழிவில் உப்பும் துவர்ப்பும் இருக்கும். கழுவி மக்கவைத்தது மட்டுமே ஆகும்.

உரம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. யூரியா போட்டால் பச்சை ஏறும், அதோடு தண்ணீர்த் தாகமும் ஏறும். உச்சக் கோடையில் சென்ட்டுக்கு மாதம் 100 கிராமுக்கு மேல் வேண்டாம், போட்டவுடன் தண்ணீர் விட்டு இலையிலிருந்து கழுவிவிடுங்கள். மாசியில் ஒருமுறை பொட்டாஷ் கொடுத்தால் வறட்சி தாங்கும். கடலோரத்தில் குளோரைடு இல்லாத சல்பேட் வகையே நல்லது. விசேஷத்துக்கு நிறம் வேண்டும் என்று மேலாளர் நெருக்கினால் யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள். 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் தெளியுங்கள். இரண்டு மூன்று நாளில் கரும்பச்சை வரும், வளர்ச்சி கூடாது. நடைபாதைக் கல்லில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துருக்கறை போகவே போகாது.

தண்ணீரே இல்லாத திடல்

கடற்கரை ஊர்களில் கால்பந்து இல்லாத விடுமுறை இல்லை. முழு அளவுத் திடல் 105க்கு 68 மீட்டர், அதாவது சுமார் 176 சென்ட். நம் கணக்குப்படி வாரம் 1,76,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 15 நடை. எந்த ஊர்க் கமிட்டியும் இதற்குக் காசு கொடுக்காது, கொடுக்கவும் வேண்டாம்.

அருகுக்குத் தூங்கத் தெரியும். மேலே காய்ந்து பழுப்பானாலும் மண்ணுக்குள் கிழங்குபோன்ற தண்டு உயிரோடு இருக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரை அங்குலம் நனைத்தால் அந்த உயிர் போகாது, முதல் மழையில் துளிர்த்துவிடும். தூங்கும் புல்லை மிதித்தால்தான் சாகும். அதனால் கிடைக்கும் தண்ணீரைத் திடல் முழுவதும் தெளித்து வீணாக்காமல், கோல் கம்பத்தின் முன்னாலும் நடுவட்டத்திலும் மட்டும் விடுங்கள். பயிற்சியைக் குறுக்குவாட்டில் வைத்து, சிறிய நகரும் கோல் கம்பங்களை வாரம் ஒரு இடத்துக்கு மாற்றுங்கள். கோல்ஃபில் குழியைத் தினமும் புது இடத்தில் வெட்டுவதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான். எல்லோரும் ஒரே இடத்தைச் சுற்றி மிதித்தால் அந்த வட்டம் அழிந்துவிடும்.

கோடை மழைக்குப் பிறகு

இடியோடு ஒரு மழை பெய்ததும் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். உண்மையில் நான் அதிகம் நடந்து பார்ப்பது அந்த வாரத்தில்தான். காலையில் பனித்துளி இருக்கும்போது சிலந்திவலை போன்ற வெள்ளை இழைகளோடு வட்டமாகப் பழுப்புத் திட்டு தெரிந்தால் அது பூஞ்சை. வறட்சி என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டிவிடாதீர்கள். அதுதான் அதற்குத் தேவை. தண்ணீரையும் யூரியாவையும் நிறுத்தி, பனியைக் காலையில் நீளக் கயிறு ஒன்றை இழுத்து உதறிவிட்டாலே பாதி அடங்கும்.

மைனாவும் கொக்கும் கூட்டமாக வந்து ஒரே இடத்தைக் கொத்தினால் அடியில் புழு இருக்கிறது. 5 லிட்டர் தண்ணீரில் இரண்டு கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றுங்கள். புல் தின்னும் புழுவும் பிள்ளைப்பூச்சியும் ஐந்து பத்து நிமிடத்தில் மேலே வந்துவிடும். ஒன்றிரண்டு வந்தால் பறவைகளுக்கு விட்டுவிடலாம். கோரையை மட்டும் எப்போதும் கையால், கிழங்கோடு, மண் ஈரமாக இருக்கும் அன்றே எடுக்கவேண்டும். செதுக்கினால் ஒன்று நாலாகும்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐக்கிய அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30க்கும் 3 மணிக்கும் இடையே திறந்தவெளி வேலைக்குச் சட்டப்படி தடை உண்டு. இங்கே அப்படி யாரும் மணி அடிக்கமாட்டார்கள். நாம்தான் ஐந்தரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு நிழலுக்குப் போய், நாலு மணிக்குமேல் திரும்பவேண்டும். உப்புப் போட்ட மோரோ கஞ்சித் தண்ணீரோ கையில் இருக்கட்டும். நுங்கும் பதநீரும் கிடைக்கும் காலம்தான்.

ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் முதல் வேலையாக ஸ்பிரிங்ளர் டைமரை அணையுங்கள். சித்தப்பா மகன் அதை மறந்துவிட்டான். கொட்டும் மழையில் விடியற்காலை நாலரை மணிக்கு ஸ்பிரிங்ளர்கள் சுற்றுவதை, தேநீர் குடிக்கத் தாழ்வாரத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் படம் எடுத்துக்கொண்டு போனாராம்.